ராஜா வேண்டாம், பாட்டன் போதும்

(விருதுநகரில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடும்ப வரலாறு பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு, அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் ஒவ்வொரு வீட்டிலும் "நாம எங்கேயிருந்து வந்தோம்" என்று ஒரு கதை இருக்கிறது. தாத்தா சொல்லி அப்பா கேட்டது, அப்பா சொல்லி நாம் கேட்டது. அந்தக் கதை தப்பாக இருந்தால் அதை யார் திருத்துவது, எப்படித் திருத்துவது? தனி ஆளால் முடியாது, பங்காளி, மாமன் மச்சான், கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் முடியும் என்பது என் கட்சி. அதைத்தான் இன்று வாதாடப் போகிறேன்.

முதலில் நம் பக்கத்துக் கதைகளைப் பார்ப்போம். சிவகாசிக்கு ஊர்க்கதை ஒன்று உண்டு. தென்காசியில் கோயில் கட்டிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவருகிறான். வழியில் ஒரு வில்வ வனத்தில் தங்குகிறான். மறுநாள் புறப்படும்போது லிங்கத்தைச் சுமந்த பசு நகர மறுக்கிறது. சரி, இதுதான் சாமியின் விருப்பம் என்று அங்கேயே லிங்கத்தை வைத்துவிட்டுப் போகிறான். 15-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரில் ஒரு பாண்டியன் இருந்தது உண்மை. தென்காசிக் கோயில் உண்மை. பசு மட்டும் கதைக்குள் இருக்கிறது.

இப்போது உங்கள் குலதெய்வக் கதையை நினைத்துப் பாருங்கள். சாமி இருந்த பெட்டியை வண்டியில் ஏற்றி வந்தோம், இந்த இடத்தில் வண்டி அசையவில்லை, இங்கேயே கோயில் கட்டினோம் என்று எத்தனை வீட்டில் சொல்கிறார்கள்! ஊருக்குப் பசு, வீட்டுக்கு வண்டி. கதையின் எலும்புக்கூடு ஒன்றுதான்.

கரிசல்காட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களிடம் வேறொரு கதை. வடக்கே ஒரு ராஜா இவர்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்டான். கொடுக்க மனமில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார்கள். எதிரே ஆறு, பின்னால் படை. கரையில் நின்ற மரம் வளைந்து பாலமாகி இவர்களை அக்கரை சேர்த்தது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் இந்தக் கதை இருக்கிறது. கி.ராஜநாராயணன் 1976-இல் "கோபல்ல கிராமம்" நாவலில் இதை எடுத்தாண்டார். ஒரு சாதி என்றில்லாமல் பல சாதிகள் இதே கதையைத் தங்கள் கதையாகச் சொல்கின்றன. மரம் ஒன்று, அக்கரை சேர்ந்தவர்கள் பல பேர்!

நாடார் குடும்பங்களில் பத்திரகாளி வளர்த்த ஏழு பிள்ளைகள் கதை. வைகையில் வெள்ளம் வந்தபோது கரையை அடைக்க மண் சுமக்கச் சொன்னான் பாண்டியன், அரச குலத்தவர் கூடையைத் தலையில் வைக்க மாட்டோம் என்று மறுத்தார்கள், தலைபோனது. மிச்சமிருந்தவர்கள் தெற்கே போனார்கள்.

இது நம் ஊர்ச் சமாச்சாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வம்சாவளி தேடுகிறவர்கள் "மூன்று சகோதரர்கள் கப்பலில் வந்தார்கள்" என்ற கதையைக் கேட்டால் சிரிப்பார்கள். வீட்டுக்கு வீடு அதே மூவர். "எங்கள் கொள்ளுப்பாட்டி செரோக்கி இளவரசி" என்பது அங்கே இன்னொரு கதை. அவர்களுக்கு மூவர், நமக்கு எழுவர். உலகத்தில் யாருடைய பாட்டனும் சும்மா வேலை தேடி வந்ததாகச் சொல்வதில்லை.

ஏன் இப்படி? முன்னோர்கள் பொய்யர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நம் கதைகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் மனுக்களாக இருந்தவை. மனு என்றால் யாரிடம், எதற்காக என்ற கேள்வி வரும். அதைச் சொன்னால்தான் கதை புரியும்.

1897-இல் கமுதியில் ஒரு நாடார் குடும்பத்தார் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். ராமநாதபுரம் ராஜா தரப்பில் வழக்கு வந்தது. கோர்ட்டில் பேச்சு கோயிலைப் பற்றி மட்டும் இல்லை, இவர்கள் யார் வம்சம் என்பதைப் பற்றியும் நடந்தது. பாண்டியர் வழி, சத்திரியர் என்று வாதாடினார்கள். கோர்ட் ஏற்கவில்லை. மேல்முறையீடு போய், கடைசியில் 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றார்கள். நடுவில் 1899 ஜூன் 6-ஆம் தேதி சிவகாசியில் நாடார்கள் மீது நடந்த தாக்குதல் உங்களுக்குத் தெரியும். "சிவகாசிக் கொள்ளை" என்று இன்றும் சொல்கிறோம். நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின.

அதே சமயம் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரிஸ்லி என்ற அதிகாரி சாதிகளை மேல் கீழ் என்று வரிசைப்படுத்த முனைந்தார். அவ்வளவுதான், இந்தியா முழுக்க ஒவ்வொரு சாதியும் தன் பூர்வீகத்துக்கு ஆதாரம் தேட ஆரம்பித்தது. புராணம், கல்வெட்டு, செப்பேடு எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொரு வரி எடுத்துச் சிறுநூல்கள் அச்சாகி வந்தன. நம் விருதுநகரில் காமராஜர் படித்த பள்ளியின் பெயரைப் பாருங்கள்: சத்திரிய வித்யாசாலை. பிடி அரிசியும் வியாபாரிகள் தந்த மகமையும் சேர்த்து ஊர்ப்பிள்ளைகளைப் படிக்கவைத்த சமூகம், பெயர்ப்பலகையில் அந்தக் காலத்து வழக்கையும் சேர்த்தே எழுதிவைத்தது.

கதை கட்டியது நாம் மட்டும் என்று நினைத்தாலும் தப்பு. படித்த வெள்ளைக்காரரும் கட்டினார். இடையன்குடியில் ஊழியம் செய்த ராபர்ட் கால்டுவெல் 1849-இல் ஒரு சிறுநூல் எழுதினார். பனையேறும் மக்கள் இலங்கையின் வடகரையிலிருந்து வந்தவர்கள் என்று அதில் சொன்னார். அவர் கையில் இருந்ததும் செவிவழிச் செய்தியும் ஊகமும்தான். அதற்கு எதிர்ப்பு எழுந்தது, மறுப்பு நூல்கள் வந்தன. ஒருவர் சொன்ன ஊகத்துக்கு இன்னொருவர் புராணத்தால் பதில் சொன்னார். நடுவில் உண்மையான பாட்டன் காணாமல் போனார்.

அந்தச் சத்திரிய வம்ச மனுவுக்கு என்ன முடிவு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1921-இல் அரசுப் பதிவேடுகளில் "நாடார்" என்ற பெயர் ஏறியது. அது சங்கம் வைத்து, மாகாணச் சட்டசபையில் பேசி வாங்கியது. 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் நுழைந்தார்கள். அந்தக் குழுவில் நம் விருதுநகர் எஸ்.எஸ்.சண்முக நாடாரும் இருந்தார். யாரும் வாசலில் நின்று "உன் பூட்டன் பாண்டியனா" என்று கேட்கவில்லை. மனிதன் என்பதே போதும் என்று போனார்கள். அப்புறம் சட்டம் வந்தது. பாண்டியன் பெயரைச் சொல்லிப் பிரிவி கவுன்சிலில் கிடைக்காதது, பாண்டியனே இல்லாமல் கிடைத்தது.

ஆகவே அந்தக் கதையின் வேலை முடிந்துவிட்டது. இனி அதை வைத்து வாங்க வேண்டிய உரிமை ஒன்றும் இல்லை. இனி நாம் தைரியமாகக் கேட்கலாம்: நிஜமாகவே நாம் எப்படி வந்தோம்?

வரலாற்று ஆய்வாளர்கள் தரும் சித்திரம் வேறு. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாகப் பார்க்கலாம். 1801-இல் பாளையக்காரர் போர் முடிகிறது. சாலைகள் கொஞ்சம் பத்திரமாகின்றன, வழிச்சுங்கம் குறைகிறது. தெற்கே தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடு ஏற்றிய மாடுகளும் வண்டிகளும் வடக்கே வருகின்றன. திரும்பும்போது பருத்தியும் புகையிலையும் போகின்றன. சரக்கும் மாடும் பத்திரமாக இரவு தங்க, சுவர் எழுப்பிய பேட்டைகள் உருவாகின்றன. பேட்டைச் செலவுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வாங்குகிறார்கள். அப்படி வளர்ந்தவைதான் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தங்குடி, திருமங்கலம் என்ற ஆறு ஊர்கள். 1876-இல் மதுரை-தூத்துக்குடி ரயில் அன்று விருதுபட்டி எனப்பட்ட விருதுநகர் வழியாக ஓடத் தொடங்கியதும் வியாபாரம் இன்னும் பெருத்தது.

இதில் ஓரிரவு ஓட்டம் எங்கே? படை எங்கே? ஒருவன் முதலில் மாட்டோடு வந்து போகிறான். அடுத்த வருஷம் தம்பியைக் கூட்டி வருகிறான். பத்து வருஷம் கழித்துப் பெண்டாட்டி பிள்ளைகள் வருகிறார்கள். ஐம்பது வருஷம் கழித்தும் பெண் எடுக்கத் தெற்கே போகிறார்கள். நிதானமாக, கணக்குப் பார்த்து நடந்த குடியேற்றம்.

இது பொதுச் சித்திரம். உங்கள் வீட்டுக்கு இது பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது? சிவகாசியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பெரிய வீடு, தாத்தா படத்துக்குக் கீழே மின்விளக்கு எரியும் வீடு. அவர்கள் சொல்கிற கதை: "தாது வருஷப் பஞ்சத்தில் ராஜா பெண் கேட்டான், கொடுக்க மாட்டோம் என்று ஒரே ராத்திரியில் திருச்செந்தூர்ப் பக்கமிருந்து கிளம்பி வந்தோம்." இதே குடும்பத்தின் பங்காளி ஒருவர் சாத்தூரில் சின்னக் கடை வைத்திருக்கிறார். மூன்றாவது கிளை, கட்டிக்கொடுத்த அத்தை ஒருத்தியின் வழி. அவர்கள் இன்றும் தெற்கே இருக்கிறார்கள். மூன்று பேரும் தனித்தனியாக ஆராய்ந்தால் மூன்று கதை. மூவரும் ஒரு பாயில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்?

சாத்தூர்க்காரர் ஒரு பத்திரம் கொண்டுவருகிறார். 1871-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். "திருநெல்வேலி ஜில்லா சாத்தூர் தாலூகா சிவகாசியிலிருக்கும் இன்னார் குமாரன் இன்னார்" என்று ஆரம்பிக்கிறது. தாது வருஷப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே இவர்கள் சிவகாசியில் மனை வாங்கியிருக்கிறார்கள். பஞ்சத்தில் ஓடிவந்த கதை அங்கேயே படுத்துவிட்டது.

அந்தப் பத்திரத்தின் முதல் வரியையே தப்பாகப் படிக்கவும் முடியும். "பார்த்தாயா, திருநெல்வேலி ஜில்லா என்று போட்டிருக்கிறது, நம் பூர்வீகம் திருநெல்வேலிதான்" என்று துள்ளுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா பிரியும்வரை சாத்தூர் தாலூகாவே திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. சிவகாசியும் விருதுபட்டியும் அதற்குள் அடக்கம். பிறகு ராமநாதபுரம், 1985-இல் காமராஜர் மாவட்டம், 1997-இல் விருதுநகர் மாவட்டம். வாசற்படியை விட்டு நகராத ஒரு குடும்பத்துக்கு நாலு மாவட்டப் பெயர். தென்னாப்பிரிக்காவிலும் மொரீஷியஸிலும் இருந்து பூர்வீகம் தேடி வருகிறவர்களுக்கு இது மிக முக்கியம். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலூகா, கிராமம் எல்லாம் எழுதியிருக்கிறது. ஜில்லாவை மட்டும் பார்த்துத் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி நின்றால் பாட்டனின் கிராமம் கிடைக்காது. தாலூகாவைப் பார்க்க வேண்டும்.

அடுத்து வருஷக் கணக்கு. நம் தமிழ் வருஷப் பெயர்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்றால் 1876-ஆகவும் இருக்கலாம், 1816-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். சிவகாசிக் கொள்ளை நடந்தது விகாரி வருஷம். 1959-உம் விகாரி, 2019-உம் விகாரி. ஏட்டில் ஒரு வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அது எந்தச் சுற்று என்று தலைமுறை எண்ணித்தான் முடிவுகட்ட வேண்டும். ஒரு தலைமுறைக்கு இருபத்தைந்து, முப்பது வருஷம் வைத்துப் பின்னோக்கி எண்ணினால், "எங்கள் தாத்தாவின் அப்பா கட்டபொம்மனோடு இருந்தார்" என்கிற பாதிக் கதைகள் தாமாகவே விழுந்துவிடும்.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். சண்முகம், அருணாசலம், சண்முகம், அருணாசலம் என்று மாறி மாறி வரும். நாலு தலைமுறை கழிந்தால் இரண்டு சண்முகமும் ஒரே ஆளாகிவிடுவார்கள். பாட்டன் நட்ட தோப்பும் பேரன் வைத்த கடையும் ஒரே மனிதர் தலையில் ஏறும். சற்று முன் விருதுநகர் எஸ்.எஸ்.சண்முக நாடாரைச் சொன்னேன். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரோடு கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தவர் சிவகாசி ஏ.சண்முக நாடார். ஊர் வேறு, வேலை வேறு, ஆள் வேறு. இனிஷியலை விட்டுவிட்டால் ஒருவர் தொழில் வரலாறு இன்னொருவர் கோயில் நுழைவோடு கலந்துவிடும். கால் நூற்றாண்டு இடைவெளிகூட இல்லாத, அச்சில் உள்ள பெயர்களுக்கே இந்த கதி என்றால் நம் வீட்டுப் பெயர்களைக் கேட்க வேண்டாம். போகட்டும், கல்கத்தாவுக்கு ரயிலேறியவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் சிவகாசியில் விசாரித்தால் ஒரு பெட்டி நிறைய தாத்தாக்கள் ஏறியதாகத் தெரிகிறது!

(சிரிப்பு)

மறுபடி நம் வீட்டுக்கு வருவோம். இப்போது தெற்கே இருக்கும் அத்தை வழியினர் பேசுகிறார்கள். பங்குனி உத்திரத்துக்கு நம்மில் பலர் வேன் பிடித்துத் தெற்கே போகிறோம். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் என்று அவரவர் சாஸ்தா. பொங்கல் வைத்து, கிடா வெட்டிச் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறோம். கோயில் வரிக் கணக்கு நோட்டை யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. தலைக்கட்டு வரி யார் கொடுத்தார், எந்த ஊரிலிருந்து கொடுத்தார் என்று வரிசையாக எழுதியிருக்கும். நம் கதையில் வரும் குடும்பத்தார் சிவகாசிக்கு வந்த பிறகும் முப்பது வருஷம் அங்கே வரி கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜாவுக்குப் பயந்து ஓடியவன் வருஷா வருஷம் திரும்பிப் போய் வரி கட்டிக் கையெழுத்துப் போடுவானா? பெண் கொடுக்க மறுத்து வந்த குடும்பம், தலைமுறைக்கு ஒரு பெண்ணை அதே ஊருக்கே கட்டிக்கொடுக்குமா? அத்தை வழிப் பாட்டி மெதுவாக ஒரு வார்த்தை சொல்கிறாள்: "ராஜாவும் இல்ல, மந்திரியும் இல்ல. வெளையைப் பாகம் பிரிச்சதுல அண்ணன் தம்பிக்குள்ள சண்டை, மேல கடன் வேற." பெரிய வீட்டில் யாரும் சொல்லாத விஷயம் அது. கடன்பட்டவன் வந்து சிவகாசியில் மனை வாங்கினான் என்பதில் என்ன அவமானம்? எனக்கு அது ராஜா கதையைவிடப் பெரிய கதையாகப் படுகிறது.

பெண்கள் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். நம் வம்சாவளிப் படங்களில் ஆண்களுக்குப் பெயர் இருக்கும். பெண்ணுக்கு "மகள் ஒன்று" என்று போட்டு முடித்திருப்பார்கள். ஆனால் யாரை யார் கட்டினார், எந்த ஊரிலிருந்து வந்தாள், எத்தனை பிள்ளை செத்தது என்பதெல்லாம் பெண்கள் வாயில்தான் இருக்கிறது. அதிலும் நம்மிடம் தாய்மாமன் கல்யாணம், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை கல்யாணம் உண்டு. ஒருவனுடைய அம்மா தன் தாய்மாமனையே கட்டியிருந்தால், அவனுக்கு அப்பா வழியில் தாத்தா பாட்டியாக இருப்பவர்களே அம்மா வழியில் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டியும் ஆகிறார்கள். ஆண்வழிக் கோடு மட்டும் இழுத்தால் இது தெரியவே தெரியாது. கிளைகள் விரிந்துகொண்டே போகாமல் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்தால்தான் ஒரே கதை எப்படி ரெண்டு மூன்று வழியாக ஒரே வீட்டுக்குள் வந்தது என்பது புரியும்.

இளைஞர்கள் உடனே கேட்பார்கள்: "ஐயா, எச்சிலைத் துப்பி அனுப்பினால் டி.என்.ஏ. பரிசோதனையில் எல்லாம் வந்துவிடாதா?" கொஞ்சம் வரும். ஆனால் நீங்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் வராது. தகப்பன் வழியாக மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் ஒரே ஒரு கோட்டைத்தான் காட்டும். பத்துத் தலைமுறை மேலே போனால் உங்களுக்கு முன்னோர் இடங்கள் 1,024. அதில் ஒருவரை அது காட்டுகிறது. தாய்வழியில் வரும் இன்னொன்று இன்னொருவரைக் காட்டும். மிச்சம் 1,022 இடங்களில் இருப்பவர்களும் உங்கள் முன்னோர்தான். அதுவும் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்கிற நமக்கு, தூரத்து உறவினரையும் கிட்டத்து உறவினராக அந்தப் பரிசோதனை காட்டிவிடும்.

மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற மிகப் பழைய மரபணு அடையாளத்தைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஆதி மனிதர்களின் சுவடு அது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அது பல பத்தாயிரம் ஆண்டுக் கதை; சாதியும் ஊரும் பிறக்காத காலத்துக் கதை. 2013-இல் பிரியா மூர்ஜானி, ஐதராபாத் தங்கராஜ் முதலானோர் வெளியிட்ட ஆய்வு, சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவில் மக்கள் கூட்டங்கள் பரவலாகக் கலந்தன என்றும் அதன் பிறகே அகமணம் இறுகியது என்றும் சொல்கிறது. கலக்காத ரத்தம் என்று பேசுகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். பாண்டிய வம்சமா என்று பார்க்க வேண்டுமென்றால் ஒப்பிட ஒரு பாண்டிய மன்னனின் மரபணு வேண்டும். எந்த ஆய்வகத்தில் இருக்கிறது?

கதை கெட்டுப்போனால் மனசு தாங்குமா என்று ஒரு கேள்வி வரும். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி 1976-இல் "ரூட்ஸ்" எழுதினார். ஆப்பிரிக்காவில் பிடிபட்டு 1767-இல் கப்பலேறிய குண்டா கிண்டே என் மூதாதை, அமெரிக்காவில் அவனை டோபி என்று அழைத்தார்கள் என்றார். உலகமே படித்து அழுதது. பிறகு வம்சாவளி ஆய்வாளர்கள் பண்ணைப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். அந்த டோபி, கப்பல் வருவதற்கு முன்பே அவனை வாங்கிய பண்ணைக் குடும்பத்தின் கணக்கில் இருக்கிறான்! கதையின் முக்கிய முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் அடிமைத்தனம் பொய்யாகிவிட்டதா? ஹேலியைப் படித்துவிட்டுத்தான் லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் ஆவணக் காப்பகங்களின் வாசலில் போய் நின்றன. கதை தப்பு, தேடல் சரி. நமக்கும் அதுதான்.

சிவகாசிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், சங்க ஆண்டு மலர் எல்லாம் உங்கள் அச்சகங்களில்தான் உருவாகின்றன. ஒரு மலரில் போட்ட பூர்வீகக் கதையை அடுத்த மலருக்கு அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். எங்கள் தாத்தா யாரோ ஒரு தாசில்தாரிடம் சொன்னது அரசு அறிக்கையில் ஏறுகிறது. அறிக்கையைப் பார்த்துத் தர்ஸ்டன் எழுதுகிறார். தர்ஸ்டனே எழுதியிருக்கிறார் பார் என்று பேரன் மலரில் போடுகிறான். சொன்னவர் ஒருவர், சாட்சி மூன்று! வழவழ தாளில் நாலு வண்ணத்தில் வந்துவிட்டதால் கதை உண்மையாகிவிடாது. அடுத்த மலர் வேலை வந்தால், "இந்த வரி எங்கேயிருந்து எடுத்தீங்க அண்ணாச்சி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வேலை போகாது, மலருக்கு மரியாதை கூடும்.

ஆவணமே இல்லாதவர்களை என்ன செய்வது? பத்திரம் எல்லாம் நிலம் வாங்கியவன் வீட்டில்தான் இருக்கும். நிலமில்லாதவன், தாழ்த்தப்பட்டவன், கூலிக்கு வந்தவன் வீட்டில் என்ன இருக்கும்? தேடினால் இருக்கிறது, வேறு இடத்தில். திருச்சபை ஞானஸ்நானப் பதிவேடுகளில் தகப்பன் பெயரும் ஊரும் உண்டு. சிவகாசி வட்டாரத்தில் ஊழியம் செய்த ராக்லண்டு 1858-இல் இங்கேயே இறந்தார், அந்தக் காலத்திலிருந்தே மிஷன்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மெட்ராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-இல் வந்தது. பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு உண்டு. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலைச் சம்பளப் பேரேடு உண்டு. சிவகாசிக் கொள்ளையில் வீட்டுப் பத்திரம் எரிந்துவிட்டது என்பார்கள், எரிந்திருக்கும். ஆனால் பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் அதன் நகல் எழுதப்பட்டிருக்கும். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: பழைய பதிவேட்டில் உங்கள் சாதிக்கு நீங்கள் இன்று ஒப்புக்கொள்ளாத பெயர் போட்டிருக்கும். கோபம் வரும், நியாயம்தான். அதற்காக மூடி வைத்துவிடாதீர்கள். அந்தப் பெயரால் கூப்பிடப்பட்டவர்தான் உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர்.

ஏட்டில் ஏறாதவர்களும் இருக்கிறார்கள். மருந்து வெடித்துப் போனவர்கள், தீப்பெட்டி அடைத்தே கண்பார்வை மங்கிய அம்மாக்கள். இன்னும் ஐம்பது வருஷத்தில் அவர்கள் பேரப்பிள்ளைகள் "எங்கள் குடும்பம் ஆதியில் பட்டாசு ஆலை முதலாளிக் குடும்பம்" என்று ஒரு கதை கட்டாமல் இருக்க வேண்டுமானால், இன்றைக்கே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். கையில் இருக்கும் செல்போன் போதும்.

கடைசியாகச் சில நடைமுறை வேலைகள். வருகிற பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயிலில் கூடும்போது, கறிச்சோற்றுக்கும் புறப்பாட்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கிளையும் தன் கதையை மற்றவர் குறுக்கிடாமல் சொல்லட்டும். யார் சொன்னது, யாரிடம் கேட்டது, எந்தத் தேதியில் சொன்னது என்று எழுதுங்கள். பத்திரம், பட்டா, மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பழைய கடிதம், இருப்பதைப் படம் எடுத்து எல்லாக் கிளைக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஒரு வீட்டில் பூட்டி வைத்தால் அது மறுபடி ஒரு வீட்டின் கதையாகிவிடும். ஏழைப் பங்காளியை முதலில் பேச விடுங்கள். கட்டிக்கொடுத்த பெண்களைக் கூப்பிடாமல் கூட்டம் போடாதீர்கள். இரண்டு கிளை ஒத்துப்போகாத இடத்தில் பெரிய வீட்டார் சொன்னதே சரி என்று முடிக்காமல், இரண்டையும் எழுதி அப்படியே வையுங்கள்.

பழைய கதையை அழிக்காதீர்கள். பாண்டியன் கதை, பாலமான மரத்தின் கதை, நகராத வண்டியின் கதை எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதிவையுங்கள். எந்தக் காலத்தில், என்ன கேட்டு, யாரிடம் கொடுத்த மனு அது என்றும் பக்கத்தில் எழுதுங்கள். அதுவும் உங்கள் குடும்ப வரலாறுதான். கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு மனிதர் தன் மானத்துக்காகச் சொன்ன பதில் அது. அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பதிலை இன்னொருவரைத் தாழ்த்தப் பயன்படுத்தவும் நமக்கு உரிமை இல்லை. "நாங்கள் ஆண்ட பரம்பரை" என்று பேனர் வைக்கிற தம்பி, தன் கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சொல்லிவிட்டு வைக்கட்டும். முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன்.

ராஜா வம்சம் என்றால் ஆயிரம் பேர் பங்குக்கு வருவார்கள். கருப்பட்டிச் சிப்பத்தை மாட்டில் ஏற்றிக்கொண்டு, கடனோடு, வெயிலில் வடக்கே நடந்த அந்த ஒரு மனிதருக்கு வாரிசு நீங்கள் மட்டும்தான். நீங்கள் எழுதாவிட்டால் அவருக்கு வேறு ஆள் இல்லை.